எந்தக் கணக்கில்

கொலன்னாவையில் தண்ணீர் வடிந்த நான்காம் நாள்
அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து எடுத்தேன்,
தேத்தண்ணியில் தோய்த்த பாண்போல
ஊதிக் கிடந்த புத்தகத்தை.
நானூற்றைம்பது ரூபாய்.
வெளியீட்டு விழாவில் வடையும் தின்றாயிற்று என்ற
வெட்கத்துக்கு வாங்கியது.
பிறகு மூன்று தரம் வாசித்தது.

வெயிலில் வைத்தேன், மின்விசிறிக்குக் கீழே வைத்தேன்.
காய்ந்தது.
திறக்க மாட்டேன் என்றது.

பழைய சோனகத் தெருவில்
ஆணியும் பூட்டும் விற்கும் கடையில்
பேரேடு எழுதுகிறவன் நான்.
எது வந்தாலும் எங்கே பதிவது என்று
முதலில் கேட்டுப் பழகிய கை.
இரவு பதினொன்றரைக்கு
ஃபோனில் அதன் பெயரைத் தட்டினேன்.
இருந்தது. பதினான்கு எம்.பி.
இறக்கும் பொத்தான் பச்சை.

விரல் நின்றது.

காசு கொடுத்தாயிற்றே என்றேன்.
தாளுக்குக் கொடுத்தாய், தாள் உன்னிடம்தானே இருக்கிறது
என்றான் உள்ளேயிருக்கும் கணக்காய்வாளன்.
மாட்டை வாங்கினவன் பாலுக்கும் காசு குடுக்கிறதா
என்று கேட்பான் பக்கத்து மேசை ஹில்மி.
சரிதான் ஹில்மி,
ஆனால் என் மாடு செத்துப்போயிற்று.
இது எந்தத் தொழுவத்துப் பால்?

அழுத்திவிட்டேன்.

முதற்பக்கத்தில்
மங்கலாக, சற்றே சரிந்து,
என் கையெழுத்து.
ச. தவக்குமார், 12.08.2012.
கீழே கோப்பை வைத்த அரைவட்டக் கறை.
அதுவும் என்னுடையதுதான்.

ஹில்மி அதை இரண்டு மாதம் வைத்திருந்தான்.
முதுகு முறிந்து திரும்பி வந்தபோது
ஒரு கிழமை அவனோடு பேசவில்லை நான்.
கண்ணாடிமேல் குப்புறக் கிடத்தி
நூறு தரத்துக்கு மேல் அமுக்கினால்
எந்த முதுகு தாங்கும்?
ஓரத்தில் ஒரு பெருவிரல்
பக்கத்துக்குப் பக்கம் வந்து வந்து போகிறது.

என்னிடம் திருடியதை
என்னிடமே திருப்பித் தந்திருக்கிறார்கள்.
இதில் யாருக்குப் பற்று, யாருக்கு வரவு?
இறக்கியவர்கள் இரண்டாயிரத்து நூற்றுப் பதினேழு
என்றது திரை.
அச்சடித்ததே முன்னூறு.

ஞாயிறு கொட்டாஞ்சேனைக்குப் போனேன்.
பூசை முடிந்து வந்திருந்தார் பிலோமினா அருளப்பு,
தலையில் இன்னும் முக்காடு.
இன்னொரு பிரதி வாங்க வந்தேன் என்றேன்.
நானூற்றைம்பது மடித்துக் கைக்குள் இருந்தது.

"கடைசிக் கட்ட எலி தின்னிருச்சு.
எங்கிட்டயே ஒண்ணும் இல்ல."
பிறகு ஜன்னலைப் பார்த்தபடி:
"ஃபோன்ல வருதாமே. உங்ககிட்ட இருக்கா?"

இருக்கிறது என்று சொல்ல
ஒரு திருடனின் வாய் வேண்டும்.
வாசகன் வாயாலும் சொல்லலாம்போல.
எந்த வாயாலும் சொல்லாமல்
அனுப்பினேன்.

திரையை மூக்கருகே பிடித்து
தன் வரிகளைத் தானே வாசித்தார்.
ஒரு காற்புள்ளிக்கு முகம் சுளித்தார்.
எத்தனை பேர் என்று கேட்டார், சொன்னேன்.
"ஆளுக்குப் பத்து ரூவா போட்டிருந்தா
பல்லு கட்டியிருப்பேன்."
சிரித்தாரா என்று என்னால் சொல்ல முடியாது,
வாயைக் கையால் மூடியிருந்தார்.

"அறுபத்தொண்ணுக்கு அப்புறம்
அறுபத்திநாலு வருதே தம்பி."

காசை மேசையில் வைத்தேன்.
காற்றில் புரண்டது.
மேலே சீனிப் போத்தலை எடுத்து வைத்தார்.
எதற்கென்று அவர் கேட்கவில்லை,
எனக்கும் தெரியாது.

வீட்டில் கேத்தல் ஆவியில் காட்டி
சவர அலகை நுழைத்து
தாள் தாளாக, விடியும்வரை.
அறுபத்திரண்டு. அறுபத்துமூன்று.
குறுக்கே ஒரு சேற்றுக் கோடு,
எழுத்து தப்பியிருந்தது.

ஃபோனை உயர்த்திப் பிடித்தேன்.
தாள் சுருண்டது, அமுக்கினேன்.
படத்தில் என் பெருவிரலும்
விழுந்திருக்கிறது.